அந்த அம்மாவின் பிரஷர் எவ்வளவு?

ஆசிரியர் அவர்களுக்கு,

சுகாதாரச் சமத்துவம் பற்றி ஆராயும் பல்கலைக்கழக மையம் ஒன்றின் நிர்வாகப் பொறுப்பில் பதினொரு ஆண்டுகள் இருந்துவிட்டு அண்மையில் ஓய்வு பெற்றேன். கோப்புகளைக் கையளித்தாயிற்று. ஆனால் ஒரு கேள்வியை யாரிடமும் கையளிக்க முடியவில்லை. அதற்காகவே இக்கடிதம்.

ஒருநாள் கள ஆய்வாளர்களோடு நானும் யாழ்ப்பாணத்தின் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறி நெடுந்தீவுக்குப் போயிருந்தேன். சோளகக் காற்று வீசும் காலம். கடல் எங்களை நன்றாகவே குலுக்கியிருந்தது. ஒரு வீட்டு முற்றத்தில் வினாக்கொத்தை விரித்ததும், எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மா என்னைப் பார்த்து, "பிள்ளை, மூன்று வருடத்துக்கு முன்பும் வந்து கையில் பட்டி கட்டிப் பிரஷர் பார்த்தார்கள். அது கூடவா குறைவா என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை" என்றார்.

மூன்று வருடத்துக்கு முன்பு வந்தவர்களும் எங்கள் மையத்தின் பிள்ளைகள்தான்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் பழைய தரவுகளைத் தேடினேன். விதிப்படி பெயர்களை நீக்கி எண்களை மட்டும் வைத்திருந்தோம். எந்த எண் அந்த அம்மாவுடையது என்று கண்டுபிடிக்க வழியில்லை. தீவு மக்களின் இரத்த அழுத்தம் பற்றிய கட்டுரையோ ஆங்கில ஆய்விதழில் வெளிவந்து, பாராட்டும் பெற்றிருந்தது. அளந்த அன்றே ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் அவர் அதை மடித்து வைத்திருந்து, அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம் நீட்டியிருப்பார். நான் போயிருந்த அந்த நாளில் மறுபடி அளந்தபோது அளவு மிகக் கூடுதலாக இருந்தது. தீவு வைத்தியசாலைக்கு உடனே போகச் சொன்னோம். இடையில் போன மூன்று ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு?

நானும் பொறுப்பு. அந்த ஆய்வின் வரவுசெலவுத் திட்டத்தைத் தட்டச்சு செய்தவள் நான்தான். கருவிகள், சம்பளம், பயிற்சிப் பட்டறை, வெளிநாட்டு மாநாட்டுப் பயணம் என்று எல்லாவற்றுக்கும் தலைப்பு இருந்தது. முடிவை எடுத்துக்கொண்டு மீண்டும் தீவுக்குப் போவதற்குத் தலைப்பு இருக்கவில்லை. தலைப்பு இல்லாத செலவுக்கு வவுச்சர் எழுத முடியாது. ஓட்டோக்காரர் பற்றுச்சீட்டுத் தரமாட்டார். பற்றுச்சீட்டு இல்லையென்றால் கணக்காய்வில் கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பயந்து எத்தனையோ முறை கள ஆய்வாளர்களே தங்கள் கைக்காசைக் கொடுத்தார்கள். ஆறு மாத ஒப்பந்தத்தில் வேலை செய்யும் பிள்ளைகள் அவர்கள்.

வேலை நேரமும் இப்படித்தான் கேடு செய்தது. காலை 9 மணியிலிருந்து மாலை 4 மணி வரை கதவைத் தட்டினால் திறப்பவர்கள் யார்? வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனவர் வீட்டில் இருப்பாரா? மீன் வாடியில் நிற்கும் பெண் இருப்பாரா? படிவத்தில் "வீட்டில் ஆள் இல்லை" என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனோம். சமத்துவத்தை ஆராய வந்த நாங்களே, யாருக்குச் சமத்துவம் இல்லையோ அவர்களை எங்கள் கணக்கிலிருந்து விட்டுவிட்டோம். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளிலும் மாலையிலும் போகத் தொடங்கினோம். அதற்கு ஈடாக வேறு நாளில் விடுமுறை வேண்டும், இருட்டிய பின் பெண் பிள்ளைகள் வீடு திரும்ப வாகனம் வேண்டும். இவற்றுக்கு ஒப்புதல் வாங்க நான் ஏறி இறங்கிய படிகள் கொஞ்சமல்ல. ஆனால் வாங்கினோம். அதுவரை படிவங்களில் இல்லாத முகங்கள் வந்தன.

வேல்ஸ் நாட்டின் சுரங்கத் தொழிலாளர் கிராமமொன்றில் வைத்தியராக இருந்தவர் ஜூலியன் டியூடர் ஹார்ட். நல்ல மருத்துவம் எங்கே அதிகம் தேவையோ அங்கேதான் அது குறைவாகக் கிடைக்கிறது என்று 1971 இல் எழுதினார். சுகாதாரச் சமத்துவம் பேசுகிற எல்லோரும் அதை மேற்கோள் காட்டுவார்கள். எங்கள் முன்மொழிவுகளிலும் அது இருந்தது. தன் கிராமத்து மக்களின் இரத்த அழுத்தத்தை அவரும் அளந்தார். அளந்துவிட்டுப் போய்விடவில்லை. பல ஆண்டுகள் அங்கேயே இருந்து அவர்களுக்கு மருத்துவமும் செய்தார்.

ஆய்வில் பங்குபற்றியவர்களுக்கு அதன் முடிவை அறியும் வாய்ப்புத் தரப்பட வேண்டும் என்று, மருத்துவ ஆய்வுக்கான உலக நெறிமுறையான ஹெல்சிங்கிப் பிரகடனமும் சொல்கிறது. எங்கள் சம்மதப் படிவத்தில் இதற்கும் ஒரு வசனம் இருந்தது. ஆங்கிலத்திலிருந்து பெயர்த்த அந்தத் தமிழை வாசித்தால் எனக்கே விளங்காது. 1847 இல் இங்கு வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். நம் காலத்தில் சமுதாய மருத்துவப் பேராசிரியர் சிவஞானசுந்தரம், நந்தி என்ற பெயரில் சிறுகதையும் நாவலும் எழுதினார். இவர்கள் இருந்த மண்ணில், "உங்கள் கிணற்று நீரைக் கைக்குழந்தைக்குப் பால் கரைக்கப் பயன்படுத்த வேண்டாம்" என்று எழுத நமக்குத் தமிழ் கிடைக்காதா? யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதிக் கிணறுகள் பலவற்றில், கைக்குழந்தைகளுக்குக் கேடான நைத்திரேற்று என்ற இரசாயனம் உரத்தால் ஏறியிருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தன் கிணற்றின் அளவு என்ன என்பது அந்த வீட்டுத் தாய்க்குத்தானே முதலில் தெரிய வேண்டும்?

கடைசி இரண்டு ஆண்டுகளில் ஒரு வழக்கத்தைத் தொடங்கினோம். கட்டுரை அச்சுக்குப் போகுமுன் அந்தந்த ஊர்ச் சனசமூக நிலையத்தில் கூட்டம் வைத்து, குடும்பநல உத்தியோகத்தரையும் அழைத்து, கண்டதைச் சொன்னோம். ஒரு கூட்டத்தில் எழுந்த ஒருவர் எங்கள் முடிவு பிழை என்றார்: அவருடைய ஊரில் மருந்தை விடுகிறவர்கள் அலட்சியத்தால் விடவில்லை, கிளினிக் நாளில் பஸ் வராததால் விடுகிறார்கள். திரும்பிப் போய்ச் சரிபார்த்தோம். அவர் சொன்னதே சரி. கட்டுரையைத் திருத்தினோம்.

இப்போது புதிய முன்மொழிவுகளை எழுதிக்கொண்டிருக்கும் இளம் ஆய்வாளர்களையும், அவற்றுக்கு ஒப்பமிடும் பேராசிரியர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: இரண்டாவது படகுப் பயணம், அளவு எழுதிக் கொடுக்கும் அட்டை, மண்டபம், தேநீர், வந்தவர்களின் ஒருநாள் கூலி ஆகியவற்றை ஒரு தலைப்பாக எழுதிவிடுங்கள். நிதி தருகிறவர்கள் வெட்டினால் ஏன் வெட்டினீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். வாசகர்களே, உங்கள் வாசலுக்கு வினாக்கொத்தோடு யாராவது வந்தால், முடிவை எந்த மாதம் கொண்டுவந்து தருவீர்கள் என்று கேட்டபின் கையொப்பமிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வு மைய நிர்வாக உத்தியோகத்தர்,
கொக்குவில்.