2024–25 ஆண்டறிக்கை: பழைய புத்தகக் கைவினை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்கத்தின் சகோதர சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம். படிக்க ஆகாத பழைய புத்தகங்களைக் கைவினைப் பொருட்களாக்கும் நம் சங்கம் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை செய்த பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

நவம்பர் நீங்கலாக எல்லா மாதமும் இரண்டாம் ஞாயிறு கூடினோம். நவம்பரில் மழை விடவில்லை.

சென்ற ஆண்டுவரை கோவை உக்கடத்தில் உள்ள பழைய புத்தகக் கடைகளுக்குப் போய் எடைக்கு வாங்கி வந்தோம். இந்த ஆண்டு புத்தகம் நம்மைத் தேடி வந்தது. 2024 ஜூலை 1 அன்று இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்ததும், வக்கீல் அலுவலகங்களிலிருந்து சாக்குச் சாக்காகச் சட்டப் புத்தகங்கள் வந்து இறங்கின. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும் என்று உறுப்பினராக உள்ள வக்கீல் ஒருவர் எடுத்துச் சொன்னார். அதனால் நல்ல நிலையில் இருந்தவற்றைப் புதிதாகத் தொழிலுக்கு வந்த இளம் வக்கீல்களுக்கே கொடுத்துவிட்டோம். முதுகு பிய்ந்தவையும் கரையான் அரித்தவையும் மட்டுமே நம் மேசைக்கு வந்தன. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோதே காலாவதியான வாட் வரிக் கையேடுகள், பாடத்திட்டம் மாறியதால் யாரும் தொடாத உரைநூல்கள், டெலிபோன் டைரக்டரிகள் ஆகியவையும் சேர்ந்தன.

மே மாதம் நடந்த பயிற்சி முகாமைத் தனியாகச் சொல்ல வேண்டும். நாற்பது வருஷமாக பைண்டிங் வேலை பார்க்கும் அய்யா ஒருவர் இரண்டு நாள் நம்மோடு இருந்தார். "அம்மிணி, தையல் போட்ட புத்தகமாப் பாத்து எடு. ஒட்டுப் புத்தகத்தை மடிச்சா தாள் தாளாக் கழண்டு வந்துரும்" என்று தொடங்கியவர், பாரம் பாரமாக, அதாவது சேர்த்து மடித்துத் தைத்த தாள் கட்டுகளாகப் பிரித்து, நூல் எங்கே ஓடுகிறது என்று ஒவ்வொருவர் விரலையும் பிடித்துத் தொட்டுக் காட்டினார். பக்கத்தின் மூலையை முன்னும் பின்னுமாக மடித்துப் பார்க்கச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். இரண்டு மடிப்பிலேயே மூலை முறிந்து கையோடு வந்தால் அந்தத் தாள் மடிப்பு வேலைக்கு ஆகாது. மலிவான மரக்கூழ்த் தாளில் தங்கிவிடும் லிக்னின் என்ற மரப்பொருளும் அமிலமும் காலப்போக்கில் தாளைப் பழுப்பாக்கி நொறுங்க வைத்துவிடுகின்றன. மைதாப் பசையில் மயில் துத்தம் என்ற நச்சு உப்பைச் சேர்த்தால் பூச்சி அண்டாது என்பதால், இப்போது நம் பசைச் சட்டியில் அது இல்லாமல் வேலை தொடங்குவதில்லை. குழந்தைகள் கையில் மட்டும் அந்தப் பசையைக் கொடுப்பதில்லை.

இவ்வாண்டின் பெரிய வேலை வெள்ளியங்கிரி, பக்தர்கள் மூங்கில் தடி ஊன்றி ஏழு மலை ஏறும் கோவைப் பக்கத்து மலையைப் புத்தகத்தில் செதுக்கியது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், தவணையில் பணம் கட்டி வாங்கிய பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தை நமக்குத் தந்தார். 244 ஆண்டுகள் அச்சில் வந்த அந்தக் களஞ்சியம், 2012இல் அச்சுப் பதிப்பை நிறுத்திக்கொண்டது. வீட்டில் வைக்க இடமில்லை, பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போடவும் மனம் வரவில்லை என்றார். நீர் ஏறிப் பாழாகியிருந்த ஏழு தொகுதிகளை மட்டும் வேலைக்கு எடுத்தோம். மற்றவை நம் அலமாரியில் படிக்கும் நிலையிலேயே இருக்கின்றன.

ஏழு தொகுதியில் ஏழு மலை. ஒவ்வொரு தொகுதியையும் மூடி, இரு பலகைகளுக்கு நடுவே கிளாம்ப் போட்டு இறுக்கி, பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த பெவிகாலை மூன்று ஓரங்களிலும் தடவி, இரண்டு நாள் உலர விட்டோம். பிறகு மருந்துக்கடையில் கிடைக்கும் 11ஆம் நம்பர் சர்ஜிக்கல் பிளேடால் மேலிருந்து சில தாள்களாகச் சீவினோம். வழவழப்பான தாள் என்பதால் பிளேடு சீக்கிரம் மழுங்கியது. மழுங்கிய பிளேடு தாளை வெட்டாது, பிய்க்கும். சரிவாக வெட்டும்போது ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் அரை எழுத்தும் கால் எழுத்தும் தெரிகின்றன. நான்கடி தள்ளி நின்று பார்த்தால் அது புல் படர்ந்த சரிவாகிவிடுகிறது. வண்ணப் படத் தாள் வந்த இடத்தில் சிவப்பும் நீலமுமாக ஒரு கோடு ஓடியது. அதை மறைக்க வேண்டாம் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். முதல் மலைக்கு மட்டும் படிக்கட்டு செதுக்கினோம். ஒரு சிறுவன் தீக்குச்சி அளவில் மூங்கில் தடி சீவி அடிவாரத்தில் சாய்த்து வைத்தான். ஆசிரியை பார்க்க வந்தபோது ஒன்றும் பேசாமல் நெடுநேரம் அந்தத் தடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்துச் சொல்லப்போவதைச் சொல்லாமல் இந்த அறிக்கையை முடிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. செப்டம்பரில் வந்த ஒரு மூட்டையில் அட்டையும் முகப்புப் பக்கமும் இல்லாத மெல்லிய புத்தகம் ஒன்று இருந்தது. எங்கும் கிடைக்கும் தோத்திரப் பாட்டுப் புத்தகம் என்று நினைத்து, காகிதப் பூ செய்யப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டேன். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "அக்கா, இந்த லை ஏன் யானைத் தும்பிக்கை மாதிரி இருக்கு?" என்று கேட்ட பிறகுதான் வாங்கிப் பார்த்தேன். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு. உள்ளே இருந்தவை கும்மிப் பாட்டுகள், ஓர் ஏரியையும் அது வறண்ட வருஷத்தையும் பற்றியவை. ஓரத்தில் மையால் யாரோ பாட்டைத் திருத்தி எழுதியிருந்தார்கள். அதற்குள் 22 தாள்கள் இதழ் இதழாகிவிட்டன. பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒட்டிச் சேர்த்ததில் 19 தாள்கள் மீண்டன. மூன்று போனது போனதுதான். முகப்பு இல்லாததால் எழுதியவர் பெயரும் தெரியவில்லை, வேறு பிரதி எங்காவது இருக்கிறதா என்று தேடவும் வழியில்லை. இருப்பதைப் படம் எடுத்துப் பெட்டியில் வைத்திருக்கிறோம். இந்தத் தவறு முழுக்க என்னுடையது. பொதுக்குழுவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்றிலிருந்து கோட்டையூர் ரோஜா முத்தையாவை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். பெயர்ப்பலகை எழுதிய ஓவியர் அவர். மற்றவர்கள் குப்பை என்று ஒதுக்கிய பாட்டுப் புத்தகங்களையும் நாடக நோட்டீசுகளையும்கூட விடாமல் சேர்த்தார். அந்தச் சேகரிப்புதான் அவர் மறைவுக்குப் பின் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாகி, 1994 முதல் இயங்கி வருகிறது. என் கையில் கிடைத்த கும்மிப் பாட்டு அவர் கையில் கிடைத்திருந்தால் பூவாகியிருக்காது.

பிப்ரவரி கூட்டத்தில் வெளிநாட்டுக் கலைஞர்களின் வேலைகளைப் படங்களாகப் பார்த்தோம். அமெரிக்கரான பிரையன் டெட்மர் எதையும் சேர்க்காமல், இடம் மாற்றாமல், வெட்டி எடுப்பதை மட்டுமே செய்கிறார். கனடாவின் கி லாரமே கலைக்களஞ்சியங்களில் மலைகளைச் செதுக்குகிறார். நாம் வெள்ளியங்கிரியில் கை வைக்கத் துணிந்ததே அவரைப் பார்த்துத்தான் என்பதை அன்று எல்லோருக்கும் சொன்னேன். 2011இல் எடின்பரோ நகரத்தின் நூலகங்களிலும் கலை அரங்குகளிலும் பெயர் சொல்லாத ஒரு பெண் பத்துக் காகிதச் சிற்பங்களை வைத்துவிட்டுப் போன செய்தி நம் பெண்களை வெகுவாகக் கவர்ந்தது. மறுவாரமே கிளை நூலகத்தின் மேசையில் டைரக்டரித் தாளில் செய்த ஒரு தூக்கணாங்குருவிக் கூடு இருந்தது. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். இடம் தந்த மண்டப உரிமையாளருக்கும், பைண்டர் அய்யாவுக்கும், சாக்குகளை மாடியேற்றிய இளைஞர்களுக்கும் நன்றி.

நிறைவாக, கீழ்க்காணும் தீர்மானத்தைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்மொழிகிறேன்: சங்கத்துக்கு வரும் எந்தப் புத்தகத்தையும் உறுப்பினர் இருவர் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்திட்ட பிறகே பிளேடு படவேண்டும். பழைய எழுத்து அச்சோ, கையெழுத்துக் குறிப்போ, முகப்பு இல்லாத தமிழ்ப் புத்தகமோ தென்பட்டால், அது தனிப் பெட்டிக்குப் போகவேண்டும்.

இவண்,
செயலாளர்