சந்திப்போடு நின்றுபோகும் பாதை: நகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகராட்சித் தலைவர், உறுப்பினர்கள், பொறியாளர் ஆகியோருக்கு,

வணக்கம். நடைபாதை, மிதிவண்டிப் பாதைக்கான வரைவுத் திட்டத்தை மக்கள் பார்வைக்கு வைத்தீர்கள், நன்றி. வரைபடத்தில் பாதையைக் காட்டும் பச்சைக் கோடு பூங்காவைச் சுற்றி அழகாக வளைந்து போகிறது. பள்ளிச் சாலையிலும் கொஞ்ச தூரம் வருகிறது. நாற்சந்திக்கு முன்னால் நின்றுவிடுகிறது. பள்ளி, சந்தை, பேருந்து நிலையம் எல்லாம் நாற்சந்திக்கு அந்தப் பக்கம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

நாற்சந்தியில் கடக்கவேண்டிய சாலையின் அகலம் 14 மீட்டர். நடப்பவர்களுக்குப் பச்சை விளக்கு 12 நொடி. நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார்கள் என்ற வழக்கமான கணக்குப்படி சரிதான். என் அம்மாவுக்கு முழங்கால் வலி, நொடிக்கு 0.8 மீட்டருக்கு மேல் அவரால் நடக்க முடியாது. பத்து மீட்டர்கூடத் தாண்டியிருக்கமாட்டார், சிவப்பு விழுந்துவிடும். ஒதுங்கி நிற்க நடுவில் திட்டு கிடையாது. மிச்ச தூரத்தை, ஹார்ன் சத்தத்துக்கு நடுவே, நான் கையை நீட்டி ஒவ்வொரு வண்டியாகக் கெஞ்சிக் கடத்திவிடுகிறேன். அதே நேரத்தில் பள்ளிப் பிள்ளைகள் பேருந்துக்கும் லாரிக்கும் இடையில் சைக்கிளை நுழைக்கிறார்கள். பாதையை நாற்சந்திக்கு அப்பாலும் தொடருங்கள் என்று கேட்பது இதனால்தான்.

இடமில்லை என்றார்கள். இரண்டு பக்கமும் நாள் முழுக்க நிற்கும் கார்களுக்கு மட்டும் இடம் எங்கிருந்து வந்தது? ஒரு கார் நிற்கச் சாலையின் அகலத்தில் ஏறக்குறைய 2 மீட்டர் போகிறது. ஒருவழி மிதிவண்டிப் பாதைக்கு 1.5 மீட்டர் போதும். மாலையில் காற்று வாங்கப் போகிறவருக்குப் பாதை உண்டு, வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர் பறந்து போகட்டும் என்பது ஏற்பாடு போலிருக்கிறது. நடைபாதைக்கு 1.8 மீட்டர் என்று தாராளமாகவே எழுதியிருக்கிறீர்கள். இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே போகலாம். இப்போதுள்ள நடைபாதையின் நடுவில் நிற்கும் மின்கம்பத்தையும் விளம்பரப் பலகையையும் எங்கே வைப்பதாக உத்தேசம்? அதைப் பற்றித் திட்டத்தில் ஒரு வரி இல்லை.

சின்ன ஊருக்கு இதெல்லாம் எதற்கு என்றும் ஒருவர் கேட்டார். நெதர்லாந்தின் ஹவுட்டனும் பெரிய நகரமல்ல. அங்கே கார்கள் வெளிவட்டச் சாலையில் சுற்றிப் போகின்றன, மிதிவண்டிகள் ஊருக்குள் நேராகப் போகின்றன. அவ்வளவெல்லாம் நாங்கள் கேட்கவில்லை. கேட்பது ஒரு நாற்சந்தி.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்தருள்க. திட்டத்தை இறுதி செய்யும் முன், பாதையை நாற்சந்தி தாண்டிப் பேருந்து நிலையம் வரை அறுபடாமல் கொண்டுபோகும்படியும், சாலை நடுவே ஒரு திட்டு அமைக்கும்படியும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பச்சை விளக்கை 20 நொடியாக்கத் திட்டமும் வேண்டாம், டெண்டரும் வேண்டாம். அதை இந்த வாரமே செய்துவிடலாம்.

இப்படிக்கு,
பள்ளிச் சாலைவாசி ஒருவர்