நடிகை மனோரமா ஆச்சி கண்காட்சிக்குத் தோள் கொடுத்த எல்லோருக்கும்

வணக்கம்.

கண்காட்சி முடிந்து ஒன்பது நாள் ஆகிவிட்டது. முந்தியே எழுதியிருக்கணும். இரவல் வாங்கிய சாமான்களையெல்லாம் அவரவர் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன், ஒரு பாட்டுப்புத்தகம் அட்டை கிழிந்து திரும்பிப் போயிருந்தால்கூட நன்றி சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது. நல்லவேளை, ஒன்றும் கிழியவில்லை, ஒன்றும் தொலையவில்லை. சரி, இனிச் சொல்லலாம்.

மனோரமா ஆச்சி 2015-இல் காலமான அக்டோபர் 10-ஐ ஒட்டி, காரைக்குடிப் பக்கத்தில் ஒரு பழைய செட்டியார் வீட்டு வளவில், அதாவது உள்முற்றத்தில், இரண்டு நாள் வைத்த சின்னக் கண்காட்சி அது. ஆரம்பிக்கும்போது என் கையில் இருந்தது பன்னிரண்டு போட்டோவும் ஒரு பென்டிரைவும்தான். முடியும்போது வளவின் நாலு பக்கமும் இடம் போதாமல் பட்டாலைக் கூடம் வரைக்கும் மேசை போட வேண்டியிருந்தது. அத்தனையும் உங்கள் வீட்டுப் பரணிலிருந்தும் பீரோவிலிருந்தும் வந்தவை.

முதலில் வீட்டுச் சாவியைக் கொடுத்த ஆச்சிக்கு. எங்கள் பக்கம் செட்டியார் வீட்டுப் பெரிய மனுஷியை ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம், அந்தச் சொல்லைத்தான் தமிழ்நாடு முழுக்க மனோரமாவுக்குக் கொடுத்தது. மன்னார்குடியில் 1937-இல் பிறந்த கோபிசாந்தாவை அவருடைய அம்மா பிழைப்புக்காகக் காரைக்குடிப் பக்கத்துப் பள்ளத்தூருக்குக் கூட்டிவந்தார். அம்மாவுக்கு இங்கே கிடைத்தது வீட்டு வேலை. அம்மா உடம்புக்கு முடியாமல் படுத்ததும் பள்ளிக்கூடம் நின்றுபோய், அந்தச் சின்னப் பெண்ணும் வேலைக்குப் போனார். இதை எழுதிய பலகையை நான் ஒரு தூணுக்குப் பின்னால், சட்டென்று கண்ணில் படாத இடத்தில் சாய்த்து வைத்திருந்தேன். இதே மாதிரி வீடுகளில்தானே அவர்கள் பாத்திரம் தேய்த்தார்கள், வீட்டுக்கார ஆச்சி மனசு நோகுமோ என்று எனக்குப் பயம். அவர்கள் மெதுவாக நடந்து வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தார்கள். அப்புறம், "இதை ஏன் இங்கே வச்சிருக்கே, முகப்பிலே வை, உள்ளே வர்றவுக முதல்ல இதைப் படிக்கட்டும்" என்றார்கள். அவர்களே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கவும் வந்துவிட்டார்கள். எண்பது வயதைத் தாண்டியவர். ஆச்சி, அந்த ஒரு நிமிஷத்துக்கு நான் உங்களுக்கு எவ்வளவோ கடமைப்பட்டிருக்கிறேன்.

அடுத்து, ஊர் ஊராக விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் முப்பது வருஷம் ஆடிப்பாடிய அம்மாவுக்கு. பேர் போட வேண்டாம் என்று சொன்னதால் போடவில்லை. அவர்களிடம் நான் பழைய நாடக நோட்டீஸ் கேட்டுத்தான் போனேன். நோட்டீஸ் இரண்டுதான் கிடைத்தது, அதற்கு மேல் கிடைத்த பாடத்தை எங்கே வைப்பது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

லேப்டாப்பில் 'தில்லானா மோகனாம்பாள்' போட்டோம். 1968-இல் ஏ.பி.நாகராஜன் எடுத்த படம், அதில் ஆச்சி நாடகக்காரி ஜில் ஜில் ரமாமணி. நாயனத்தைப் பற்றி அவர் வெள்ளந்தியாக ஒரு கேள்வி கேட்பாரே, அந்த இடம் வந்தால் எல்லோரும் சிரிப்போம். இந்த அம்மா சிரிக்கவில்லை. நிறுத்தச் சொல்லி, திரும்பப் போடச் சொல்லி, எழுந்து நின்று காட்டினார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேடை ஏறினால் விடிகிற வரைக்கும் நிற்க வேண்டியவள் இரண்டு காலிலும் சமமாகப் பாரம் போட மாட்டாள், ஒரு காலில் போட்டு இடுப்பைச் சாய்த்து நிற்பாள், முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்ப்பாள். வசனத்தின் கடைசிச் சொல்லை இழுத்து மேலே தூக்கி விடுவது பாயில் உட்கார்ந்திருக்கும் கடைசி ஆளுக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக. "இது பாத்துப் பண்றதில்ல தங்கம், நின்னவளுக்குத்தான் வரும்" என்றார்கள். ஸ்பெஷல் நாடகத்தில் ஒரு ஊரிலிருந்து கதாநாயகன் ராஜபார்ட், இன்னொரு ஊரிலிருந்து கதாநாயகி ஸ்திரீபார்ட், வேறொரு ஊரிலிருந்து கோமாளி பபூன் என்று அன்றைக்கு ராத்திரிதான் ஒன்றாகச் சேர்வார்கள், ஒத்திகை கிடையாது. எதிரில் நிற்பவர் என்ன கேள்வி போட்டாலும் நின்ற இடத்தில் பதில் சொல்லியாக வேண்டும். பள்ளத்தூருக்கு வந்த நாடகக்காரர்களுக்குப் பாட ஒரு குரல் தேவைப்பட்டு மேடைப் பக்கம் போன ஆச்சி, அப்புறம் எஸ்.எஸ்.ராஜேந்திரன் நாடகக் குழு வரைக்கும் மேடையிலேயே வளர்ந்தவர். 1958-இல் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை'யில் கேமரா முன்னால் வந்து நின்றபோது அவருக்குப் பின்னால் அத்தனை ராத்திரிகள் இருந்தன. ஆயிரம் படம், கின்னஸ், முதலமைச்சரான ஐந்து பேரோடு நடித்தது என்று நாம் எண்ணிக்கையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கும் அந்த எண்களைத் தாண்டி ஒன்றும் தெரிந்திருக்கவில்லை, இந்த அம்மா முந்தானையைச் சுற்றிக் காட்டும் வரைக்கும்.

இரண்டு நாளும் வந்து, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கேட்டவர்களுக்கெல்லாம் நின்று காட்டினார்கள். முழங்கால் வலியோடு. பஸ் காசு கொடுத்தபோதுகூட வாங்கவில்லை.

பாட்டுப்புத்தகம் கொடுத்த அண்ணனுக்கு நன்றி. தியேட்டர் வாசலில் காசு கொடுத்து வாங்கிய அந்தக் காலத்துப் புத்தகங்கள், ஒவ்வொன்றுக்கும் செய்தித்தாள் அட்டை போட்டு, வேப்பிலை வைத்து டிரங்குப் பெட்டியில் அடுக்கியிருந்தார். 'கொஞ்சும் குமரி' புத்தகத்தை மட்டும் தன் கையாலேயே கொண்டுவந்து, தன் கையாலேயே திருப்பி எடுத்துப்போனார். 1963-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த படம், அதில் ஆச்சிதான் கதாநாயகி. நகைச்சுவை நடிகை என்றே நினைத்துக்கொண்டிருந்த கல்லூரிப் பிள்ளைகள் அந்த மேசையை விட்டு நகரவே இல்லை.

அந்தக் கல்லூரிப் பிள்ளைகள் ஆறு பேருக்கும் தனியாகச் சொல்லணும். நீளமான வெள்ளைக் காகிதத்தில் ஆச்சி நடித்த படங்களின் பெயரை எழுதிச் சுவரில் ஒட்டும் வேலையை எடுத்துக்கொண்டார்கள். எங்களால் நிச்சயமாகச் சொல்ல முடிந்தது 412 படம். மிச்சத்துக்கு இடம் விட்டு, கயிற்றில் ஒரு பென்சிலைக் கட்டித் தொங்கவிட்டோம். வந்தவர்கள் எழுத எழுத இரண்டாம் நாள் சாயங்காலம் அது 500-ஐத் தாண்டியது! ஒரு பாட்டி எழுதத் தெரியாமல், பேரனைக் கூப்பிட்டு 'பாட்டி சொல்லைத் தட்டாதே' என்று எழுதச் சொன்னார். அது ஏற்கனவே அங்கே இருந்தது. இருந்தாலும் எழுதட்டும் என்று விட்டுவிட்டோம்.

பேனரில் நடந்த பிழையையும் இங்கே சொல்லிவிடுகிறேன், அது என் பிழை. பிறந்த ஊர் பள்ளத்தூர் என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். வளர்ந்த ஊர் மேல் இருந்த பாசம் பிறந்த ஊரை மறைத்துவிட்டது. திறப்புக்கு முந்தின ராத்திரி பதினோரு மணிக்கு அதைக் கண்டுபிடித்தது அந்த ஆறு பேரில் இளையவன். கடை மூடிவிட்ட நேரத்தில் வீட்டுக்குப் போய் அதே நிறத்துக் காகிதம் தேடி, 'மன்னார்குடி' என்று வெட்டி ஒட்டிவிட்டுத்தான் படுத்தான். காலையில் வந்து பார்த்த யாருக்கும் ஒட்டுப்போட்டது தெரியவில்லை. தம்பி, உனக்கு என் மனமார்ந்த நன்றி.

ஹெட்போனும் பழைய கேசட்டுகளும் தந்து, கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றியும் கொடுத்த ரேடியோ மெக்கானிக் ஐயாவுக்கு ஒரு விஷயம் தெரியணும். முதல் நாள் மத்தியானம் கண் தெரியாத ஒருவர் மகள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவருக்கு சினிமா என்றால் வானொலியில் வரும் ஒலிச்சித்திரம்தான், அதில் கேட்டுத்தான் ஆச்சியைத் தெரியும். ஹெட்போனை மாட்டிவிட்டோம். 'பொம்மலாட்ட'த்தில் மெட்ராஸ் பாஷையில் பாடிய பாட்டு வந்ததும் தொடையில் தாளம் போட்டார். 'சம்சாரம் அது மின்சாரம்' படத்தில் வீட்டு வேலைக்காரி கண்ணம்மாவாக வந்து நடிகர் கிஷ்முவோடு சண்டை போடும் கட்டத்துக்கு வாய்விட்டுச் சிரித்தார். 'சின்ன கவுண்டர்' வந்தது. கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "இதில அம்மாவுக்குப் பல்லு எடுப்பா இருக்கோ?" என்று கேட்டார். எங்களுக்குப் பேச்சு வரவில்லை. அந்தப் படத்தில் விஜயகாந்துக்கு அம்மாவாக நடிக்க ஆச்சி எடுப்பான செயற்கைப் பல் கட்டியிருந்தார். பார்க்கிறவர்களுக்கு அது முகத்தில் தெரியும், அவருக்கு அது சொல்லில் தெரிந்திருக்கிறது. பல்லை மாட்டியதோடு நில்லாமல் அந்தப் பல்லோடு ஒருத்தி எப்படிப் பேசுவாள் என்று யோசித்துப் பேசியிருக்கிறார், அதனால்தான் கேட்கிறவருக்கும் பல் தெரிகிறது. ஐயா, நீங்கள் அந்த கேசட்டின் இரைச்சலை எடுக்க நாலு நாள் உட்கார்ந்தீர்கள் இல்லையா, அந்த இரைச்சல் இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

சாப்பாடு, டீ, தண்ணீர் பார்த்துக்கொண்ட பெண்களுக்கும், கரண்ட் போன ஒன்றரை மணி நேரம் ஜெனரேட்டர் தந்த பக்கத்து வீட்டுக்கும் ரொம்ப நன்றி. வளவைக் கூட்டித் துடைத்த அக்காவுக்கு இரண்டு நாள் கூலி பேசியிருந்தோம், ஒரு நாளுக்குத்தான் வாங்கினார். 'புதிய பாதை' ஸ்டில் முன்னால் அவர் துடைப்பத்தோடு நின்றிருந்ததைப் பார்த்தேன். அந்தப் படத்துக்குத்தான் ஆச்சிக்குத் தேசிய விருது கிடைத்தது என்று சொன்னேன். "கிடைக்காம?" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

வந்த சின்னப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு ஆச்சி டிவியில் வரும் பாட்டிதான். மத்தியானப் படத்தில் பார்த்த பாட்டி, சீரியலில் வந்தவர் என்று அவர்கள் அம்மாக்கள் சொல்லிக்கொடுத்த பாட்டி. அந்தப் பிள்ளைகளை ஜில் ஜில் முன்னால் நிறுத்தி, ரெண்டும் ஒரே ஆள் என்று சொன்னால் நம்பவில்லை. இரண்டு போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வலது கன்னத்தையும் கண்ணையும் காட்டி நம்பவைத்த ஓய்வுபெற்ற டீச்சருக்கும் நன்றி, தொண்டை கட்டியும் விடவில்லை நீங்கள்.

யார் பெயரையாவது விட்டிருந்தால் தப்பாக நினைக்காதீர்கள், மறந்ததுதான் காரணம், வேறொன்றுமில்லை.

கடைசியாக ஒன்று. எல்லோருக்கும் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தும் ஒரு போட்டோ மட்டும் என்னிடம் மிஞ்சியிருக்கிறது. கறுப்பு வெள்ளை, உள்ளங்கை அளவு, மூலையில் துருப்பிடித்த குண்டூசித் துளை. இளம் வயது ஆச்சி, நாகேஷ் பக்கத்தில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். பின்பக்கம் பென்சிலில் 'அக்காவுக்கு' என்று எழுதியிருக்கிறது. உறையில் போட்டு பத்திரமாக வைத்திருக்கிறேன். கொடுத்தவர் வீட்டுக்கார ஆச்சியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், நானே கொண்டுவந்து தருகிறேன்.