தொண்டையைப் பார்த்துக்கொள்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். நேற்றும் முந்தாநாளும் போன் அடித்தேன், நீ எடுக்கவில்லை. வேலை இருந்திருக்கும். போன மாதம் பேசியபோது குரல் கட்டியிருந்தது. வெந்நீர் குடி. ராத்திரியில் தயிர் ஊற்றிக்கொள்ளாதே.

சனிக்கிழமை உன் டீச்சரத்தை என்னை மண்டபம் ஊருக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவளுக்குத் தெரிந்தவர்கள் வீட்டு மாடியில் பாட்டு. மேடை இல்லை, முப்பது பேர்தான் இருப்போம், பாதிப் பேர் பாயில். சென்னையிலிருந்து வந்த ஒரு பெண், உன் வயதுதான், பியானோ வாசித்துக்கொண்டே பாடினாள். நாங்கள் இரண்டு பேரும் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டோம். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் பெடலை மிதித்தாள். கை கட்டையை விட்ட பிறகும் கால் எடுக்காதவரை சத்தம் நின்றது, எடுத்ததும் அடங்கிப்போனது. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் அவள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. கோயிலில் நீ பாடும்போதெல்லாம் நான் கடைசி வரிசையில் நின்றுவிடுவேன். உன் மூச்சை நான் ஒருநாளும் கேட்டதில்லை தாயி.

நல்லாத்தான் பாடினாள். ஆனால் இழுத்துப் பாடுகிற இடத்தில் உன்னளவுக்கு நிற்கவில்லை. இதை அத்தைதான் முதலில் சொன்னாள். ‘நம்ம பிள்ளை இப்ப எங்க பாடுது?’ என்று கேட்டாள். நான் என்ன சொல்ல? அங்கே பாடகர் குழுவில் சேர்ந்தாயா என்று உன்னிடம் மூன்று தடவை கேட்டுவிட்டேன். மூன்று தடவையும் ‘சாப்பிட்டியாம்மா’ என்று பேச்சை மாற்றினாய். கிறிஸ்மஸுக்கும் வரவில்லை. முன்னே ரயில் மண்டபத்தோடு நின்றுவிடுகிறது என்பாய், சரி. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தாச்சு. எழும்பூரில் ஏறினால் பாம்பன் தாண்டித்தான் இறங்குவாய்.

நடுவில் ஒருவர், நிஜப் பியானோ கொண்டுவரவில்லையா என்று அவளைக் கேட்டார். அதில் இருநூறுக்கு மேல் உருக்குக் கம்பி இருக்கிறதாம், கடலோரத்தில் துரு ஏறும், சுருதி நிற்காது, அதனால்தான் மின்சாரப் பியானோ என்றாள். ‘இதற்கும் உப்புக் காற்று ஆகாது’ என்று சொல்லிக்கொண்டே கட்டையை ஒரு துணியால் துடைத்தாள்.

அதற்குப் பிறகு பாடியது எதுவும் என் காதில் ஏறவில்லை.

2017-ல் மீன்பிடித் தடைக்காலத்தை 45 நாளிலிருந்து 61 நாளாக்கினார்களே, அந்த வருஷம். மே முடிந்தால் கடலுக்குப் போய்விடலாம் என்றுதான் கணக்குப் போட்டிருந்தோம். ஜூன் 14 வரைக்கும் தள்ளிவிட்டது. கையிலிருந்ததெல்லாம் தீர்ந்துபோனது, வலையும் எடுக்க வேண்டியிருந்தது. நீ விடுதியில் இருந்தாய். மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த உன் கீபோர்டை ராமநாதபுரத்தில் ஒரு கல்யாண பேண்டுக்காரரிடம் 4,500 ரூபாய்க்கு நான்தான் கொடுத்தேன். உப்புக் காற்று அரித்துவிட்டது, தூக்கிப் போட்டுவிட்டேன் என்று உன்னிடம் சொன்னேன்.

நீ ‘சரிம்மா’ என்றாய். என் பச்சைச் சேலையில் நீயே தைத்த உறை கொடியில் கிடந்தது. அதை எடுத்து நாலாக மடித்து என் கையில் கொடுத்தாய். அதில் ஒரு துருக்கறை இல்லை. நீ அதைப் பார்த்தாய், நான் உன்னைப் பார்த்தேன். அன்றைக்கே உனக்குத் தெரிந்துவிட்டதா? அதற்கப்புறம் நீ வீட்டில் பாடி நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை கடைசியில் கரண்ட் போனது. பியானோ ஊமையாகிவிட்டது. அந்தப் பெண் நிறுத்தாமல் வெறும் குரலிலேயே பாடி முடித்தாள். பெட்டி போனால் என்ன, நீயும் பாடியிருக்கலாமே என்று அந்த நேரத்திலும் உன்மேல்தான் கோபம் வந்தது. செய்தது நான். மன்னித்துக்கொள் தாயி.

உறை தையல் மெஷின் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.

இதை அப்பாவிடம் கேட்டுவிடாதே. பணத்தை வட்டிக்கு வாங்கினேன் என்றுதான் அவர் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்.

சுக்குப்பொடி அனுப்பியிருக்கிறேன், பாலில் போட்டுக் குடி. தயிர் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை போன் அடிப்பேன், எடு.

அம்மா
தங்கச்சிமடம்