தாமதமாகும் மானியமும் ஒரு வெட்டுதான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சமூக நலத்துக்கான அரசுச் செலவு குறைகிறது என்று செய்தி வரும்போதெல்லாம், பட்ஜெட்டில் எத்தனை கோடி குறைந்தது என்பதே பேச்சாக இருக்கிறது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் சிறப்புக் குழந்தைகளுக்கான பகல்நேர மையம், முதியோர் இல்லம், மாலைநேர வகுப்பு என்று நடத்திவரும் சிறிய அமைப்புகளுக்கு வெட்டு அப்படி அறிவித்துவிட்டு வருவதில்லை. அரசு மானியத்துக்கான அனுமதி ஆணையில் தொகை அப்படியே இருக்கும், தவணைதான் வராது. ஏப்ரலில் எதிர்பார்த்த பணம் நவம்பரில் வரும், சில வருடம் மார்ச் கடைசி வாரத்தில் வரும். பல மையங்கள் மூடப்படுவதற்கு இந்த இடைவெளிதான் காரணம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மையத்தில் மாதச் சம்பளம் 1,20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தவணை ஏழு மாதம் தள்ளிப்போகிறது. நிர்வாகி மாதாமாதம் இரண்டு வட்டிக்கு வாங்கிச் சம்பளம் போடுகிறார். முதல் மாதக் கடனுக்கு ஏழு மாத வட்டி, அடுத்ததற்கு ஆறு மாத வட்டி என்று கூட்டினால் வட்டி மட்டும் 67,200 ரூபாய். மானியத்தை எதற்குச் செலவிட்டோம் என்று அரசுக்குக் கொடுக்கும் பயன்பாட்டுச் சான்றிதழில் இதை எந்தத் தலைப்பிலும் எழுத முடியாது. ஆனால் மத்திய அரசின் மானியப் பணம் செலவாகாமல் வங்கியில் இருந்து வட்டி சேர்ந்தால், அந்த வட்டியை அரசுக்கே திருப்பிக் கட்ட வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள் சொல்கின்றன. பணம் அமைப்பின் கையில் இருந்தால் வட்டி அரசுக்கு. அரசின் கையிலேயே இருந்தால் வட்டி அமைப்பின் தலையில். இது நியாயமில்லை.

பணம் மார்ச் கடைசியில் வந்தால் இன்னொரு தொல்லை. வருமான வரி விலக்கு வேண்டுமானால் அறக்கட்டளை தன் ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை அறப்பணிக்குச் செலவிட்டிருக்க வேண்டும். மூன்று நாளில் அதை எப்படிச் செலவிடுவது? அடுத்த ஆண்டு செலவிடுகிறோம் என்று தனிப் படிவம் தாக்கல் செய்ய வழி இருக்கிறது. அதற்கும் கெடு உண்டு. கெடு முடிந்த பிறகு ஆடிட்டரிடம் பையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களே அதிகம்.

கையில் பணமில்லாதபோது எதை முதலில் நிறுத்துகிறார்கள் தெரியுமா? வேனை. டீசல், டிரைவர் சம்பளம், இன்சூரன்ஸ், எஃப்.சி. எல்லாம் சேர்ந்து கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும். ஆனால் வேன் நின்றால் ஒடுகத்தூர், அணைக்கட்டுப் பக்கத்துக் குழந்தைகள் வரமாட்டார்கள். நடக்க முடியாத பன்னிரண்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி எந்தத் தாய் தினமும் வர முடியும்? அப்படியே வந்தால் அன்றைய கூலி போயிற்று. வருகைப் பதிவேட்டில் நாற்பது பெயர் இருபத்தைந்தாகும். மானியம் தலைக்கணக்கில் வருவதால் அடுத்த தவணை தானாகக் குறையும். பயிற்சி விட்டுப்போன பிள்ளைக்கு மூட்டு இறுகிப்போகும். அதைத் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர மாதக்கணக்கில் ஆகும். ஆகவே வேனைக் கடைசியில்தான் நிறுத்த வேண்டும். வாரத்துக்கு ஐந்து நாளுக்குப் பதில் மூன்று நாள் ஓட்டி, தடத்தை மாற்றியமைத்தாலும் சரி, முழுதாக நிறுத்தக் கூடாது.

அடுத்த தவறு, ஒரு திட்டத்தின் பணத்தை எடுத்து இன்னொரு திட்டத்தின் சம்பளத்துக்குக் கொடுப்பது. உள்ளூர் நன்கொடையில் இப்படிச் செய்தால் தீர்மானம் போட்டு, மினிட்ஸில் எழுதிச் சரிசெய்துவிடலாம். வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் கை வைத்தால் பதிவே போய்விடும். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணத்தில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முன்பு 50 சதவீதம் வரை இருந்தது. பெரிய அமைப்பு வாங்கிக் கிராமத்துச் சிறு குழுவுக்குப் பிரித்துக் கொடுப்பதும் அதோடு நின்றுபோனது. மலைக்கிராமங்களில் வேலை செய்த குழுக்களுக்கு இருந்த ஒரே வரவு பல இடங்களில் அதுதான்.

பீடி, தீப்பெட்டி வேலைகளிலிருந்து மீட்ட குழந்தைகளுக்காக நம் பகுதியில் தொண்டு நிறுவனங்கள் நடத்திய சிறப்புப் பயிற்சி மையங்களை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தத் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் 2021 ஏப்ரல் முதல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. இந்தப் பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2024-25ஆம் ஆண்டுக்கு வரவேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு தரவில்லை என்று தமிழக அரசு 2025இல் உச்ச நீதிமன்றம் போனது. இரண்டு அரசுகளின் வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பது வேறு விஷயம். குடியாத்தத்திலும் பேர்ணாம்பட்டிலும் பள்ளியை விட்டு நிற்கும் குழந்தையைத் தேடிப் போய்க் கூட்டிவர ஓர் ஆளுக்குச் சம்பளம் வேண்டும். அது எந்தக் கணக்கில் என்பதே கேள்வி.

கம்பெனிகள் சட்டப்படி சமூகப் பணிக்குச் செலவிட வேண்டிய சி.எஸ்.ஆர். பணத்தைக் கேளுங்கள் என்று அதிகாரிகள் சுலபமாகச் சொல்கிறார்கள். நிகர லாபம் 5 கோடி, அல்லது விற்றுவரவு 1,000 கோடி, அல்லது நிகர மதிப்பு 500 கோடி இருக்கும் கம்பெனிக்குத்தான் அந்தச் சட்டம் பொருந்தும். நம் பகுதியின் சிறிய தோல் பதனிடும் யூனிட்டுகளில் பெரும்பாலானவை அந்தக் கணக்கில் வராது. வருகிற கம்பெனியும் தன் ஆலையைச் சுற்றியுள்ள ஊருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. மலை ஊராட்சிகளான பீஞ்சமந்தையிலும் ஜார்தான்கொல்லையிலும் எந்த ஆலை இருக்கிறது? மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதம் என்பதால், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதால் ஏற்றுமதிக்காரர்களுக்கு விழுந்த அடி, இனி வரும் ஆண்டுகளின் சி.எஸ்.ஆர். தொகையிலும் தெரியும்.

தனிநபர் நன்கொடையிலும் ஒரு மாற்றம். 2023-24 முதல், நாமாகப் பழையதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் புதிய வருமான வரி முறையே பொருந்தும். அதில் நன்கொடைக்கான 80ஜி வரிக் கழிவு கிடையாது. ரசீதுக்காகக் கொடுத்துவந்த சம்பளக்காரர்கள் மெல்ல விலகுகிறார்கள். மற்றபடி நம் மக்களின் கொடைக் குணத்தில் குறையே இல்லை. பிறந்தநாள், திதி என்று ஞாயிற்றுக்கிழமை ஒரே இல்லத்துக்கு மூன்று பேர் பிரியாணி கொண்டுவருகிறார்கள். செவ்வாய்க்கிழமை கரண்ட் பில் கட்ட ஆளில்லை. முதியவருக்கு டயாப்பர் மாற்றும் பெண்ணின் சம்பளமும் அன்னதானத்துக்குச் சமமான தருமம்தான். சாப்பாட்டுக்குப் பதில் மாதம் 500 ரூபாயை வங்கி வழியாக ஓராண்டுக்குத் தருவதாக ஒரு தெருவில் இருபது பேர் சேர்ந்தால், மாதம் 10,000 ரூபாய் நிலையான வரவு. அதை வைத்து ஓர் ஆளை நம்பி வேலைக்கு வைக்கலாம்.

அமைப்புகள் தாங்களே செய்யக்கூடியதும் இருக்கிறது. ஏப்ரலிலேயே பன்னிரண்டு மாதத்துக்கும் வரவு செலவுத் தாள் போட்டு, மானியம் ஆறு மாதம் வராது என்று வைத்துக்கொண்டு எந்த மாதம் கையிருப்பு தீர்கிறது என்று பாருங்கள். ஆண்டு வருமானத்தில் நிபந்தனையில்லாமல் சேர்த்துவைக்கச் சட்டம் அனுமதிக்கும் 15 சதவீதத்தை வருடா வருடம் ஒதுக்கினால், சில ஆண்டுகளில் மூன்று மாதச் சம்பளம் இருப்பில் நிற்கும். ஊழியரிடம் பிடித்த பி.எஃப். பணத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கட்டாமல் விடாதீர்கள். அது குற்ற வழக்கு வரை போகும். ஆளைக் குறைக்கத்தான் வேண்டும் என்றால், ஐந்து ஆண்டு முடித்தவருக்குப் பணிக்கொடையும் (கிராஜுவிட்டி) சேர்த்துக் கணக்கிட்டுவிட்டு முடிவெடுங்கள். கணக்கர் வைக்க முடியாத நான்கு அமைப்புகள் சேர்ந்து ஒருவரை வைத்துக்கொண்டால், வாரத்தில் ஒரு நாள் வீதம் எல்லாருடைய வேலையும் நடக்கும். பயன்பாட்டுச் சான்றிதழும் தேதிக்குள் போகும். சான்றிதழ் தாமதமானால், அடுத்த தவணைக்குத் துறையைக் கேட்கவே வாயில்லாமல் போய்விடும்.

மூன்று மாவட்ட ஆட்சியர்களிடமும் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. முந்தைய ஆண்டுச் சான்றிதழை ஒழுங்காகக் கொடுத்த அமைப்புகளுக்கு முதல் தவணையில் சம்பளப் பங்கையாவது ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் விடுவிக்கப் பரிந்துரையுங்கள். எந்த அமைப்பின் கோப்பு எந்த மேசையில், எந்தத் தேதியிலிருந்து நிற்கிறது என்ற பட்டியலை மாதம் ஒருமுறை அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். சி.எஸ்.ஆர். தொடர்பாகக் கம்பெனிகளைக் கூட்டும்போது மலை ஊராட்சிகளில் வேலை செய்யும் குழுக்களையும் அழையுங்கள். பஸ் வசதி இல்லாதவர்கள் என்பதால் ஒரு வாரம் முன்பே சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தொண்டு நிறுவனங்களின் கணக்குப் பணியில் உள்ள வாசகர்கள்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.