நூறு டோஸ் குப்பியும் ஆறு கோழியும்

சென்னை மாவட்டக் கால்நடை பராமரிப்புத் துறை அதிகாரிகளுக்கு, வணக்கம்.

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் மொட்டை மாடியிலும் வீட்டுச் சந்திலும் நாலு, ஆறு என்று கோழி வளர்ப்பவர்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. முக்கியமாகக் கேட்பது ஒன்று. கோழிகளைக் கொத்தாகக் கொல்லும் வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோய்க்கான தடுப்பு மருந்து வார்டுக்கு ஓர் இடத்தில், நான்கு வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிறு காலையில் கிடைக்க வேண்டும்.

துறை ஆண்டுதோறும் நடத்தும் இருவார முகாம் நல்ல காரியம். ஆனால் பெட்டைக்கோழி முகாம் தேதி பார்த்து அடைப்படுப்பதில்லை. முகாம் முடிந்த மறுமாதம் பொரித்த குஞ்சு, அடுத்த முகாமுக்குள் கழிச்சலில் போய்விடும், இல்லையென்றால் குழம்பாகியிருக்கும்.

நாங்களே மருந்து வாங்கிப் போடலாமே என்றால், 100 டோஸுக்குக் குறைந்த குப்பியைக் கடையில் பார்ப்பதே அரிது. கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும். ஆறு கோழிக்காரர் மீதி 94 டோஸை என்ன செய்வார்? பிரிட்ஜில் வைத்து மறுநாள் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கிறார். அதற்குள் மருந்து வீரியம் இழந்திருக்கும். ஊசி போட்டும் கோழி செத்தது என்ற பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் கிளம்புகிறது. ஒரு தெருவுக்கு ஒரு குப்பி என்று சேர்ந்து போட்டால் இந்தச் சிக்கலே இல்லை. பிடிக்க ஓர் ஆள், கண்ணில் சொட்டு விட ஓர் ஆள் இருந்தால் நிமிடத்துக்கு ஒரு கோழி முடியும். ஐந்தரை மணிக்குத் தொடங்கினால், பஞ்சாரத்தைத் திறந்துவிடுவதற்குள் தெரு முடிந்துவிடும். வெயில் ஏறிய பிறகு மாடியில் கோழியைத் துரத்திப் பிடிப்பது கோழிக்கும் கேடு, ஆளுக்கும் கேடு.

ஏன் நான்கு வாரம் என்று கேட்பீர்கள். முட்டை பொரிய 21 நாள். குஞ்சுக்கு லசோட்டா என்ற வெள்ளைக்கழிச்சல் தடுப்புக் கண்சொட்டு ஏழாம் நாள். இரண்டையும் கூட்டினால் 28. முகாம் நடக்கும் ஞாயிறன்றே அடை வைத்தால், அடுத்த முகாமில் குஞ்சுக்குச் சரியாக ஏழு நாள். அதற்கடுத்ததில் 35 நாள், இரண்டாம் சொட்டு. அதற்கும் அடுத்ததில் 63 நாள். எட்டு வாரம் தாண்டியிருப்பதால் அதே நோய்க்கு, வளர்ந்த கோழிக்குப் போடும் ஆர்2பி என்ற வீரியமான தடுப்பூசி, இறக்கைத் தோலுக்கடியில் அரை மி.லி. தேதி முன்கூட்டித் தெரிந்தால் போதும், முட்டையைக் கூரான முனை கீழே இருக்கும்படி நிழலில் நாலைந்து நாள் சேர்த்து வைத்து அடைக்கோழியை அந்த ஞாயிறுக்கு இழுத்துவிடுவோம். 'மாதம் முதல் ஞாயிறு' என்று வைத்தால் சில மாதம் ஐந்து வாரமாகி இந்தக் கணக்கு கெட்டுவிடும்.

வரும் பணியாளர்களிடம் சில விஷயங்களை அழுத்திச் சொல்லி அனுப்புங்கள். ஆர்2பி-யைச் சின்னக் குஞ்சுக்குப் போட்டால் அதுவே குஞ்சின் கால்களை முடக்கிவிடும். எனவே இரண்டு மருந்தையும் ஒரே டப்பாவில் வைக்க வேண்டாம். சொட்டு விட்டதும் குஞ்சு கண்ணை மூடித் திறக்கும் வரை கையை எடுக்கக் கூடாது. தலையை உதறினால் மருந்து தரையில்தான். நோய்ப்பட்டுத் தூங்கி வழிகிற கோழிக்குப் போடவே வேண்டாம். நேரம் மிச்சமென்று குடிதண்ணீரில் கலந்து கொடுப்பதை வடசென்னையில் மறந்துவிடுங்கள்: மெட்ரோ வாட்டர் லாரித் தண்ணீரிலுள்ள குளோரின், மருந்தாக வேலை செய்யும் உயிருள்ள கிருமியைக் கொன்றுவிடும். லிட்டருக்கு ஐந்து கிராம் கொழுப்பு நீக்கிய பால்பவுடர் கலந்து அதைச் சமாளிக்கலாம்தான். ஆனால் எந்தக் கோழி எத்தனை மடக்குக் குடித்தது என்று யார் பார்ப்பது? ஆறு கோழிக்குக் கண்சொட்டே சரி. தீர்ந்த குப்பியில் உயிருள்ள கிருமி ஒட்டியிருக்கும், கொதிக்க வைத்த பிறகே குப்பைக்குப் போக வேண்டும்.

இன்னொன்று, செத்த கோழி. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து முறுக்கிச் செத்ததைப் பள்ளம் தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைக்கச் சொல்கிறீர்கள். சிமெண்ட் போட்ட சந்தில் பள்ளம் எங்கே தோண்டுவது? அது பையில் கட்டப்பட்டுப் பக்கிங்காம் கால்வாய்க்கோ குப்பைத்தொட்டிக்கோ போகிறது. அங்கிருந்து நாயும் காக்கையும் அடுத்த தெருவுக்கு இழுத்து வருகின்றன. மாநகராட்சியோடு பேசி மண்டலத்துக்கு ஓர் இடம் ஒதுக்கித் தாருங்கள். ஒரே வாரத்தில் மூன்று வீட்டில் கோழி விழுந்தால், புதிதாய்ச் செத்த ஒன்றை ஐஸில் வைத்து மாதவரம் பால்பண்ணையிலுள்ள கால்நடைப் பல்கலைக்கழக ஆய்வகத்துக்குக் கொண்டுபோகத் தயாராயிருக்கிறோம். ஃப்ரீசரில் உறையவைத்தால் திசு கெட்டுப்போகும் என்பதும் தெரியும். யாரிடம், எத்தனை மணிக்குள் கொடுப்பது என்று வார்டில் ஒரு தாள் ஒட்டினால் போதும்.

ஐஸ் பெட்டி, டார்ச், கோழி பிடிக்க ஆள், வீடு வாரியாக எண்ணிக்கை எழுதிய நோட்டு எல்லாம் எங்கள் பொறுப்பு. முதல் ஞாயிறு எது என்று மட்டும் சொல்லுங்கள், அன்றைக்கே அடை வைக்கிறோம்.

இப்படிக்கு,
வடசென்னை வீட்டுக்கோழி வளர்ப்போர்