இராமேஸ்வரம் ரயில் நிலையச் சுவரில் ஏறப்போகும் வரலாறு: தெற்கு ரயில்வேக்கு ஒரு திறந்த மடல்

தெற்கு ரயில்வே பொது மேலாளர் அவர்களுக்கும் மதுரைக் கோட்ட மேலாளர் அவர்களுக்கும், மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், இராமேஸ்வரம் பகுதி ரயில் ஆர்வலர்கள் எழுதிக்கொள்வது.

வணக்கம்.

2022 மே 26 அன்று எழும்பூர், மதுரை, காட்பாடி, கன்னியாகுமரி, இராமேஸ்வரம் ஆகிய ஐந்து நிலையங்களின் மறுசீரமைப்புக்கு ஒன்றாக அடிக்கல் நாட்டப்பட்டது. அந்த ஐந்தில் எழும்பூரும் இராமேஸ்வரமும் ஒரே வண்டியின் இரண்டு முனைகள். அந்த வண்டியை இன்றும் ‘போட் மெயில்’ என்றுதான் சொல்கிறோம். இலங்கை போகும் கப்பலுக்கு ஆள் கொண்டுபோனதால் வந்த பெயர் அது. அந்த போட் போய் நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. பெயர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். புதிய இராமேஸ்வரம் நிலையத்தில் வரலாற்றுக்கு ஒரு கூடம் ஒதுக்குங்கள். கூடம் முடியாதென்றால் ஒரு நீளமான சுவராவது வேண்டும். அதில் ஏறுவது சரியாக இருக்க வேண்டும். முகப்பு கோயில் சாயலில் அமைவதில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. வருகிறவர்களில் பெரும்பாலோர் இராமநாதசுவாமியைப் பார்க்கத்தான் வருகிறார்கள். ஆனால் பாம்பன் கடலைத் தாண்டி இருப்புப்பாதை போட்டது கொழும்புக்குப் போகும் கப்பலைப் பிடிக்க. கப்பலுக்கு மெயின் லைன், கோயிலுக்குக் கிளை லைன் என்பதுதான் அன்றைய ஏற்பாடு. கோபுரப் படத்தையும் பாலத்தின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிவிட்டால் இந்தச் செய்தி எங்குமே இருக்காது.

ஆகவே முதலில் ஒரு வரைபடம் வையுங்கள். இரண்டு மீட்டர் அகலமாவது இருக்கட்டும். 1902-ல் மதுரையிலிருந்து மண்டபம் வரை மீட்டர்கேஜ் பாதை, அதாவது ஒரு மீட்டர் அகலப் பாதை, வந்தது. 1911-ல் பாலத்து வேலை தொடங்கி, 1914 பிப்ரவரி 24 அன்று பாதை திறக்கப்பட்டது. அன்று பாம்பன் ஒரு ஜங்ஷன். அங்கிருந்து ஒரு பாதை இராமேஸ்வரம் ஊருக்குள் போய் முடிந்தது. இன்னொன்று ஊரைத் தொடாமல் தெற்கே ஒதுங்கி, இராமேஸ்வரம் ரோடு என்ற நிலையம் வழியாக, மணல்திட்டில் நேராகத் தனுஷ்கோடித் துறைக்குப் போனது. இன்று வண்டியில் வருகிறவர் இராமேஸ்வரத்தில் பாதை முடிவதைப் பார்த்துவிட்டு, தனுஷ்கோடி அதற்கு அடுத்த ஸ்டேஷனாக இருந்தது என்றே நினைத்துக்கொள்கிறார். 2019-ல் அடிக்கல் நாட்டிய தனுஷ்கோடிப் பாதைத் திட்டமும் இராமேஸ்வரத்திலிருந்து கிளம்புவதாக இருந்ததால் குழப்பம் கூடிவிட்டது. கோடு எங்கே பிரிந்தது என்று காட்டினால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். இன்றைய அகலப்பாதையை ஒரு நிறத்திலும் பழைய மீட்டர்கேஜை இன்னொரு நிறத்திலும் போட்டு, கடலுக்குள் தலைமன்னார் வரை கப்பல் வழியைப் புள்ளிக்கோடாக இழுத்தால் போதும். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 22 மைல். தென்னிந்திய ரயில்வேயின் நீராவிக் கப்பல்கள் கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச், பின்னால் வந்த இர்வின், கோஷன் ஆகியவற்றின் பெயர்கள் அந்தப் புள்ளிக்கோட்டின் மேலேயே வரட்டும்.

அடுத்தது 1964 புயல். இதில்தான் பிழைகள் அதிகம் அச்சாகின்றன. டிசம்பர் 22 நள்ளிரவில் கடல் கொண்டுபோனது போட் மெயிலை அல்ல. 653-ஆம் எண் பாம்பன்–தனுஷ்கோடி பாசஞ்சரை. அது பாம்பன் பாலத்திலிருந்தும் விழவில்லை. பாம்பனை விட்டுக் கிளம்பி, தீவின் கிழக்குக் கோடியில் தனுஷ்கோடி நிலையத்தை நெருங்கும்போது அலையில் சிக்கியது. பாலத்தின் படத்துக்குக் கீழே இந்த விபத்தை எழுதினால், படிக்கிறவர் இரண்டையும் ஒன்றாக முடிச்சுப்போட்டுவிடுவார். இரண்டும் ஒரே இரவின் சேதம்தான், ஆனால் இடம் வேறு. இறந்தவர்களைப் பற்றி வழக்கமாக அச்சாகும் கணக்கு 110 பயணிகள், 5 ஊழியர்கள் என்பது. அது டிக்கெட் வைத்துப் போட்ட கணக்கு. டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்கள் அதில் சேரவில்லை என்பதையும் அதே வரியில், அதே அளவு எழுத்தில் சொல்லுங்கள்.

பாலத்தைப் பொறுத்தவரை ‘46 நாளில் சரிசெய்தார்கள்’ என்று மட்டும் எழுதினால் பாதிச் செய்திதான். தூணுக்கும் தூணுக்கும் இடையிலான 145 சிறு கண்களில் 126-ன் கேர்டர்கள், அதாவது இரும்பு உத்திரங்கள், போய்விட்டன. நடுவில் கப்பலுக்கு வழிவிட உருண்டு எழும்பும் ஷெர்சர் தூக்குப்பாலம் விழாமல் நின்றது. கடலடியில் கிடந்த கேர்டர்களைத் தேடி எடுத்து மறுபடி ஏற்றினார்கள். அந்தப் பொறுப்பில் இருந்தவர் ரயில்வே பொறியாளர் இ.ஸ்ரீதரன். இருந்ததைக் கொண்டே கட்ட முடிந்ததால்தான் 46 நாள் சாத்தியமானது. எல்லாவற்றையும் புதிதாக வார்த்துக் கொண்டுவருவதென்றால் மாதக்கணக்கில் இழுத்திருக்கும். இந்தக் காரணம் இல்லாமல் நாள்கணக்கை மட்டும் போட்டால் அது வெறும் சாகசக் கதையாகிவிடும்.

பாலத்துக்குக் கிடைக்கும் இடத்தில் கால்வாசிகூட அதில் பயணம் செய்தவர்களுக்குக் கிடைப்பதில்லை. இந்தப் பாதையின் மூன்றாம் வகுப்பை நிரப்பியவர்கள் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்கள். மண்டபம் கேம்ப் என்று இன்று ஒரு ஸ்டேஷனுக்குப் பெயர் இருக்கிறதே, அது இலங்கை அரசு நடத்திய நோய்த்தடுப்பு முகாம். தோட்டத்துக்குப் போகிறவர்களை அங்கே நிறுத்திவைத்து, நோய் இல்லை என்று பார்த்த பிறகே கப்பலுக்கு அனுப்பினார்கள். 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினர் 5,25,000 பேருக்கு இந்தியக் குடியுரிமை என்று முடிவாயிற்று. இரண்டு மாதம் ஆவதற்குள் தனுஷ்கோடித் துறையே இல்லாமல் போய்விட்டது. அதனால்தான் கப்பல் இராமேஸ்வரத்துக்கு வந்தது. ‘இராமானுஜம்’ கப்பலில் வந்து இறங்கிய தாயகம் திரும்பியோர் பெட்டி படுக்கையோடு ரயில் ஏறியது இந்த நிலையத்தில்தான். 1980-களின் நடுவில் இலங்கைப் போரோடு அந்தக் கப்பலும் நின்றது. நீலகிரியிலும் கூடலூரிலும் இன்று வாழும் எத்தனையோ குடும்பங்கள் இந்திய மண்ணில் பார்த்த முதல் ரயில் நிலையம் இதுதான். இதற்குக் குறைந்தது மூன்று பலகை வேண்டும்.

இனி இரும்பு. பழைய பாலத்தில் 2022 டிசம்பர் 23-க்குப் பிறகு வண்டி ஓடவில்லை. 2025 ஏப்ரல் 6 முதல் புதிய பாலம் இருக்கிறது. பழையதைக் கழற்றும்போது எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். நிலையத்துக்கு மூன்று பொருள் போதும். ஷெர்சர் கண் உருண்டு எழும்பிய வளைவுப் பகுதியும் அது உருளும் தண்டவாளமும் சேர்ந்து ஒரு துண்டு. ஆட்கள் கையால் சுழற்றிய பல்சக்கர இயந்திரம் முழுதாக. 40 அடிக் கேர்டர் ஒன்று. வளைவுத் துண்டு இல்லாமல் பல்சக்கரத்தை மட்டும் வைத்தால் அது எதைச் சுழற்றியது என்று யாருக்கும் புரியாது.

இவற்றைக் கேஸ் கட்டரால் அறுத்தால் பயனில்லை. அந்தப் பாலம் முழுக்க ரிவிட், அதாவது தகடுகளைச் சேர்த்து அடித்த தறையாணி. அறுத்த விளிம்பு உருகி வளைந்துபோகும், பிறகு பொருத்த முடியாது. ரிவிட்டின் தலையை மட்டும் எடுத்துவிட்டு, தண்டைத் தட்டி வெளியேற்ற வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் இரும்பிலேயே எண் குத்தி, கழற்றுவதற்கு முன் நான்கு பக்கமும் படமெடுக்க வேண்டும். பெயின்டால் எண் எழுதினால், துரு போக மணல் பீய்ச்சும்போது எண்ணும் போய்விடும்.

அடுத்து உப்பு. பல நிலையங்களின் வாசலில் பழைய எஞ்சினை நிறுத்தி, சிவப்பு ஆக்சைடு அடித்து, மேலே பளபளவென்று கறுப்பும் வெள்ளியும் பூசியிருப்பதைப் பார்க்கிறோம். உள்நாட்டில் அது பத்து வருடம் தாங்கலாம். இங்கே இரண்டு வாடைக்காலம் தாங்காது. கிட்டே போய்ப் பார்த்தால் ரிவிட் தலையைச் சுற்றிப் பெயின்ட் வட்டமாக உப்பியிருக்கும். நகத்தால் கீறினால் மேல்தோல் கழன்று, உள்ளே காப்பிப்பொடி நிறத்தில் ஈரமான தூள் வரும். தகடும் தகடும் ஒட்டிய சந்தில் நூறு வருடமாக ஏறிய உப்பு உள்ளேயே இருப்பதுதான் காரணம். மேலே எத்தனை கோட் அடித்தாலும் அந்த உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். எனவே பெயின்டுக்கு முன்னால் நல்ல தண்ணீரை அழுத்தமாகப் பீய்ச்சிப் பல தடவை கழுவ வேண்டும். உப்பின் (குளோரைடு) அளவைச் சோதனைப் பட்டையால் பார்த்து, இறங்கிய பிறகே மணல் பீய்ச்சி வெள்ளை இரும்பாக்க வேண்டும். அன்றைக்கே, சில மணி நேரத்துக்குள், துத்தநாகம் செறிந்த எபாக்சி முதல் பூச்சு ஏற வேண்டும். மறுநாள் என்று விட்டால் இரவுப் பனியிலேயே மஞ்சள் பூத்துவிடும். அதன்மேல் எபாக்சி, கடைசியில் வெயில் தாங்கும் பாலியூரிதேன். ஆழமான சந்துகளில் தண்ணீர் தேங்காதபடி அடியில் துளை விடுங்கள். எல்லாம் செய்தாலும் கூரைக்குக் கீழேதான் வைக்க வேண்டும். தென்கடல் காற்றும் வடகடல் காற்றும் மாறி மாறி அடிக்கும் ஊர் இது.

பலகைகளுக்கும் இதே கவனம் வேண்டும். தகட்டில் ஒட்டிய வினைல் அச்சு ஓரத்திலிருந்து சுருளும். 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் பழுப்புப் புள்ளி விழும். 316 வாங்குங்கள், அல்லது கருங்கல்லில் வெட்டிவிடுங்கள். அலுமினியச் சட்டத்தில் சாதாரண இரும்புத் திருகு போட்டால் உப்புக்காற்றில் இரண்டுக்கும் ஒத்துக்கொள்ளாது. துளையைச் சுற்றி அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்து பலகையே ஆடும். நைலான் வாஷர் வைத்தால் தீரும். சின்னச் செலவு, ஆனால் ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் யாரும் வைக்க மாட்டார்கள்.

தனுஷ்கோடியில் நிற்கும் பழைய நிலையச் சுவர்களையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அங்கே பவளப்பாறைக் கல்லில் எழுப்பிய சுவர்கள் உண்டு. அவற்றுக்குச் சிமென்ட் பூசவே கூடாது. கல் மூச்சு விடும், சிமென்ட் விடாது. உள்ளே ஏறிய உப்புத்தண்ணீர் வெளியேற வழியில்லாமல் பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, கல்லின் முகத்தையே ஏடு ஏடாகத் தள்ளிவிடும். நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய ஆற்றுமணல் மூன்று பங்கு. கடல்மணல் ஒரு கைப்பிடிகூடச் சேரக்கூடாது. ஈரச்சாக்கு போட்டு மெதுவாகக் காயவிட வேண்டும். பவளப்பாறை வெட்டச் சட்டம் இடம் தராது. ஆகவே விழுந்து கிடக்கும் கல்லைத்தான் திரும்ப எடுத்து வைக்க முடியும். அதை யாரும் அள்ளிப்போகாமல் காவல் போடுவதுதான் முதல் வேலை.

எழும்பூருக்கும் ஒரு வார்த்தை. அங்கே கட்டடத்தின் கதை எல்லோருக்கும் தெரிந்ததே: ஹென்றி இர்வினின் வடிவமைப்பு, பெங்களூர் ஒப்பந்ததாரர் சாமிநாத பிள்ளை, 1908 ஜூன் 11 திறப்பு. ஆனால் திறந்த நாளிலிருந்தே அங்கிருந்து தனுஷ்கோடிக்கு வண்டி ஓடியதாக எழுதுவது தவறு. 1914 வரை கொழும்பு போகிறவர்கள் தூத்துக்குடிக்குப் போய்த்தான் கப்பல் ஏறினார்கள். எழும்பூர் பலகையில் தூத்துக்குடியும் தனுஷ்கோடியும் இரண்டுமே வரட்டும். இதைச் சரிபார்க்கத் தொலைவு போகவேண்டியதில்லை. தமிழ்நாடு ஆவணக் காப்பகம் எழும்பூர் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் இருக்கிறது.

எழுத்து முதலில் தமிழில் வரட்டும், ஆங்கிலத்திலிருந்து பெயர்த்ததாக வேண்டாம். ஊர்ப்பெயர்கள் எல்லாப் பலகையிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். மூன்று மீட்டர் தள்ளி நிற்கும் வயதானவர் படிக்க எழுத்து இரண்டு செ.மீ. உயரமாவது வேண்டும். கல்லில் வெட்டுவதற்கு முன், வரைவைக் காகிதத்தில் அச்சடித்து மண்டபம், பாம்பன், இராமேஸ்வரம் நடைமேடைகளில் ஒரு மாதம் ஒட்டிவையுங்கள். பக்கத்தில் ஒரு நோட்டும் கட்டிய பேனாவும் இருக்கட்டும். தனுஷ்கோடியில் வேலை பார்த்த ரயில்வே ஊழியர்களின் குடும்பங்களும், கப்பலில் வந்தவர்களும் இந்தக் கரையில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் இருக்கும் அட்டை டிக்கெட்டையும் அடையாளச் சீட்டையும் அங்கேயே ஸ்கேன் செய்து, அசலைக் கையோடு திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அசலைக் கேட்டால் ஒருவரும் தரமாட்டார்கள், தரவும் வேண்டாம்.

இப்படிக்கு,
மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், இராமேஸ்வரம் பகுதி ரயில் ஆர்வலர்கள்